ஐந்து மாதமாகக் குளிக்கும் மாப்பிள்ளை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது தனியாக ஏதோ பேசிக்கொண்டு வருகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்க வேண்டிய இடம் இது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் நாம் பேசுகிறோமே, அதையெல்லாம் உனக்குத் தெரியாமல் பதிவாக வைத்திருக்கிறேன். வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, கடையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன், அதிலும் நீ பேசுவதை ஓட்டிவிட்டு நீ பேசாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதாகியும், பெற்ற பெண்ணின் வீட்டை ஒட்டுக்கேட்டவன் என்று எழுதும்போதே காது சுடுகிறது. திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டு மொத்தமாகத் திட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டினால் எனக்குத் தாங்காது.

எல்லாம் உன் மாமாவால் வந்தது. இந்த வீட்டில் எது கெட்டாலும் அவனால் வந்தது என்று ஆரம்பிப்பது எனக்குச் சௌகரியம், உன் அம்மாவுக்கும் தன் தம்பியைப் பற்றி அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. கடையில் புகார் எழுதுவது போன் எடுப்பது எல்லாம் அவன்தானே, போன வருஷம் ஒருநாள் என்னை உட்காரவைத்து வகுப்பெடுத்தான். ஃபிரிட்ஜ் ஓடவில்லை வாஷிங் மெஷின் ஆடுகிறது என்று கூப்பிடுகிறவன் வீட்டுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லையாம், வீடியோவில் காட்டச்சொல்லி என்ன பழுது என்று பார்த்துவிட்டு அதற்கான சாமானோடு ஒரே தடவை போனால் போதுமாம். அதற்கு உருப்படியாக ஒரு சேவை எடுக்கவேண்டுமாம். எடு, ஆனால் கடைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துவிடு என்றேன். அதெல்லாம் வேணாம் அத்தான், ரெண்டு வெச்சா நீங்க ரெண்டையும் குழப்பிடுவீங்க, ஒண்ணே ஒண்ணு வெச்சா குழப்பவே முடியாது என்றான். அவன் சொன்னதில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு தப்பானது வேறொன்றும் இல்லை, அது பின்னால் வருகிறது.

முதலில் எடுத்தது குடைப் படம் போட்டது. பேர் வாயில் நுழையாததால் நாங்கள் படத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். குடைக்காரனிடம் படம் கண்ணாடி மாதிரி தெரியும், குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி கேட்கும், ஆனால் பின்னால் வரும் இரைச்சலைத் தானே வடிகட்டிவிடுவான். மற்றவர்களுக்கு அது வரம், எனக்கு அந்த இரைச்சல்தானே சோறு. மோட்டார் எப்படிக் கத்துகிறது என்று கேட்டுத்தான் நான் பழுதைச் சொல்கிறவன். அந்த ரிட்டயர்ட் தலைமையாசிரியை அம்மாவின் மெஷின், துணி பிழியும்போது அந்தத் தெருவே அதிரும், அவர் போனை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு கேக்குதா கேக்குதா என்கிறார், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. மெஷின் கத்துவதை வடிகட்டிவிட்டு அவர் என்னைத் திட்டுவதை மட்டும் சுத்தமாகக் கொண்டுவந்து கொடுத்தான் குடைக்காரன். காது கேக்காதவனெல்லாம் எதுக்குய்யா இந்தத் தொழிலுக்கு வர்றீங்க என்றது அப்படியே அட்சரம் பிசகாமல் கேட்டது.

அடுத்தது கிளி. கிளியில் சத்தம் வந்தது, ஆனால் நாம் கேமராவை அணைத்தால் நம் கட்டத்தில் கடையின் விளம்பரப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும்படி உன் மாமா செய்துவைத்திருந்தான். உன் அம்மாவின் பெரியப்பா போனாரே, அவர் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் எல்லோரும் வீடியோவில் கூடித் துக்கம் விசாரித்தோம். எனக்கு அழுகிற முகம் வராது என்று உனக்குத் தெரியும், அதனால் மரியாதைக்குக் கேமராவை அணைத்தேன். பெரியவருடைய கடைசி நாட்களைப் பற்றி மூத்த மகன் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான், என் கட்டத்தில் பனிக்கரடி படத்தோடு, நிரந்தரக் குளிர்ச்சிக்கு எங்களை அழையுங்கள் என்று நம் கடை போன் நம்பர். முக்கால் மணிநேரம் அது அப்படியே இருந்திருக்கிறது. உன் அம்மா அன்றைக்கு எனக்கு டீகூடத் தரவில்லை. அதிசயம் என்னவென்றால் அந்த நம்பரைப் பார்த்து இரண்டு பேர் ஏ.சி. சர்வீசுக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் மணி. மணிக்காரன் எதையும் வடிகட்டமாட்டான், பக்கத்து வீட்டுத் தும்மலைக்கூடக் கொண்டுவருவான், போதாததற்குப் பேசியதையெல்லாம் தானாகப் பதிவு செய்து தேதி வாரியாக அடுக்கி வைத்துவிடுவான். பகலில் வாடிக்கையாளர் காட்டிய சத்தத்தை நிதானமாகத் திரும்பக் கேட்கலாம் என்று எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் ஒரு வருஷத்துக்குக் கட்டிவிட்டோம். எதிர் வரிசைப் பல் டாக்டரும் நம்மைப் பார்த்து அதையே எடுத்தார், அவர் வீடியோவில் பேசும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதெல்லாம் கேட்டுக் கேட்டு, யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று இந்தத் தெருவுக்கே இப்போது மனப்பாடம். வீட்டுக்கும் அதே மணிதான், உன்னோடு பேசுவதும் அதில்தான், அதனால் தலைமையாசிரியையின் மெஷினும் நீயும் ஒரே அடுக்கில் பேரில்லாமல் தேதியோடு கிடந்தீர்கள்.

ஒரு திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து அந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கேட்டேன். முந்தின நாள் ஒரு தையல்காரர் தன் ஃபிரிட்ஜைக் காட்டியிருந்தார், அதுதான் என்று நினைத்தேன். பேச்சு வேண்டாம் சத்தம்தான் வேண்டும் என்று நடுவிலிருந்து ஓடவிட்டேன். டக்கென்று ஒரு உதைப்பு, அப்புறம் ஒரு உறுமல், நிற்கும்போது பிரேக் போட்ட பஸ் மாதிரி ஒரு குலுக்கல், நாலு நிமிஷத்தில் மறுபடியும் டக். வழக்கம்போலச் சீட்டில் எழுதினேன். சின்ன ஃபிரிட்ஜ், ஒற்றைக் கதவு, ரொம்பப் பழசு, கதவு ரப்பர் போய்விட்டது, சுவரோடு ஒட்டி நெருக்கமான அறையில் இருக்கிறது, ரொம்ப நாள் தாங்காது. எழுதி முடித்து அடிக்கோடு போடும்போது காதில் அப்பா என்று உன் குரல் கேட்டது.

நீங்கள் கல்யாணமான புதிதில் உங்கள் ஊர்க் கடையில் நின்று போனில் ஒவ்வொன்றாகக் காட்டி நான் பொறுக்கியெடுத்துக் கொடுத்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் அப்படிப் பேசாது. அது தூங்குகிற குழந்தை மாதிரி ஒரே சீராக மூச்சுவிடும், டக் என்ற பேச்சே அதனிடம் கிடையாது. பழைய பதிவுகளை எடுத்துக் கேட்டேன், ஐந்து மாதம் முன்னால் வரை அந்த மூச்சு உன் பின்னால் இருக்கிறது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த உறுமல். மாப்பிள்ளை எங்கே என்று நாங்கள் கேட்டால் குளிக்கிறார் என்று நீ சொல்ல ஆரம்பித்ததும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். உங்கள் குளியலறைக் குழாயைத் திறந்தால் மாடியில் இருக்கும் பம்ப் கொசு மாதிரி ரீங்காரம் போடும், அதற்கு அடியில் ரப்பர் வைக்கச் சொல்லி நான்தானே மாப்பிள்ளைக்குப் பாடம் எடுத்தேன். ஐந்து மாதமாக ஒரு மனுஷர் குளிக்கிறார், ஒரு தடவைகூடப் பம்ப் ஓடவில்லை. உன் பின்னால் தெரிகிற அலமாரியும் அலமாரி இல்லை, பழைய வீட்டுச் சுவரைப் படமெடுத்து வீடியோவில் உன் பின்னால் வரும்படி போட்டிருக்கிறாய், நீ தலையைத் திருப்பும்போதெல்லாம் உன் ஒரு காது புத்தகங்களுக்குள் போய்விட்டு வருகிறது, சுவர்க்கடிகாரத்தில் ஐந்து மாதமாக மணி நாலு பத்து. உன் அம்மாகூட ஒருநாள் கள்ளங்கபடம் இல்லாமல் அந்தக் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி போடேம்மா என்றாள், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அவளுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை, தெரிந்தால் படுத்துவிடுவாள்.

இதுவரைக்கும் எழுதியது எளிதாக இருந்தது, இனிமேல்தான் கஷ்டம். நாலு மாதத்துக்கு முந்தின பதிவு ஒன்றில் பதினேழாவது நிமிஷத்தில், அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்கிறாய். அன்றைக்குப் பேசியபோது அது என் காதில் ஏறவே இல்லை. ஏறாததற்குக் காரணம் நீ முடிக்குமுன் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை இப்படியே குளிச்சுக்கிட்டிருந்தா சோப்பு மாதிரி கரைஞ்சு போயிடப்போறார்னு சொல்லும்மா என்று சொல்லிவிட்டு நானே சிரிக்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்கச் சகிக்கவில்லை. அப்புறம் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமுகிறது. அப்புறம் நீ, ஒண்ணுமில்லப்பா, அம்மாவக் கூப்பிடுங்க என்கிறாய். அந்த இடத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எழுதமாட்டேன். ஊரில் எவன் வீட்டு மெஷினில் எங்கே ஸ்குரூ தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தில் கண்டுபிடிக்கிறவனுக்குச் சொந்தப் பெண் வாயைத் திறந்தது கேட்கவில்லை, குடைக்காரனைக் குறை சொன்னேனே, நான் அவனைவிட மோசமான வடிகட்டி.

அதோடு விட்டேனா. மூன்று வாரத்துக்கு முன்னால் பேச்சோடு பேச்சாக, நைசாகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, புது ஃபிரிட்ஜா குட்டிம்மா, சத்தம் வேற மாதிரி இருக்கே என்று கேட்டேன். இல்லப்பா அதே பழசுதான் என்றாய். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னாய். போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் உன் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. உறுமல் இல்லை, தெரு இல்லை, நாற்காலியை இழுத்தால்கூடக் கேட்கவில்லை. மணிக்காரனிடமும் இரைச்சலை அடக்குகிற ஒரு பட்டன் இருக்கிறதாம், நாம் போடாவிட்டாலும் அந்தப் பக்கத்து ஆள் போட்டுக்கொள்ளலாமாம், உன் மாமா சொன்னான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்துவிட்டது, நீ அதைப் போட்டுவிட்டாய். இப்போது உன் முகமும் குரலும் நாலு பத்து கடிகாரமும்தான் மிச்சம், அந்த மூன்றிலும் எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியாது.

உனக்கும் அவருக்கும் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. பழுது பார்க்கப் போகிறவன் யார் உடைத்தது என்று கேட்கக்கூடாது, அது எங்கள் தொழில் மரியாதை. சரியாகிவிடும் என்று எழுதவும் எனக்கு மனசில்லை. கம்ப்ரசர் போனதைப் பார்த்தால் இதுமேல இனிமே செலவு பண்ணாதீங்க என்று வாசலிலேயே சொல்லிவிட்டு வருகிறவன் நான், உன்னிடம் மட்டும் எதற்குப் பொய். கிளம்பி வந்துவிடு என்று எழுதலாம் என்று நினைத்தேன், வரமாட்டாய், உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லவும் மாட்டாய். சொன்னால் நான் மறுபடியும் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன் என்று நீ பயப்படுவது நியாயம், எனக்கே அந்தப் பயம் இருக்கிறது. நாலாவதாக ஒரு சேவை பார்க்கலாமா அத்தான் என்று உன் மாமா கேட்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். எதை எடுத்தாலும் அதில் நான்தானே பேசப்போகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நீ ஆரம்பித்தால் உன்னைக் குறுக்கே வெட்ட எனக்கு வழியில்லை, அதனால்தான் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் பேனாவைத் தேடி எடுத்தேன். இதுவும் எதையும் மாற்றிவிடும் என்று நம்பி எழுதவில்லை.

என் கைக்கு எட்டுகிறதைச் சொல்கிறேன், இதையாவது செய். அந்தச் சின்ன ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வை, அதற்கு மூச்சு முட்டுகிறது. கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடிவிட்டு இழுத்துப் பார், லேசாக வந்துவிட்டால் ரப்பர் போயிற்று என்று அர்த்தம், வெந்நீரில் துணியை நனைத்து ரப்பரைச் சுற்றித் துடைத்தால் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவாக நின்றுபோனால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எனக்குச் சொல், சும்மா தட்டித் தட்டிப் பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு. அறையில் ஒரு ஜன்னலாவது திறக்க வருகிறதா என்று பார். அந்தப் பட்டனை எடுத்துவிடு என்று சொல்லமாட்டேன், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எடு, தோன்றாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் இருந்துவிடாதே. பதிவையெல்லாம் அழித்துவிட்டேன், அந்தப் பதினேழாவது நிமிஷத்தைத் தவிர. நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கை எதிலும் தாழாமல் இருக்கவேண்டும், தனியாக இருந்தாலும் பயமில்லாமல் தூங்கவேண்டும், அப்பா அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுக்கேட்ட குற்றத்தை ஒப்புக்கொண்ட
உன் அப்பா

பி.கு. கவரை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனேன். உன் அம்மா யாருக்கு என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை, பசையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேல எந்த முகவரி எழுதப்போறீங்க, நம்மகிட்ட பழைய வீட்டு முகவரிதானே இருக்கு என்றாள்.