சோடியாகக் காய்ச்சிய பால்

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் அண்ணாவுக்கு,

இன்று காலை எழும்பி, முகம் கழுவ முதலே நான் செய்த வேலை நேற்றுப் பால் காய்ச்சிய சட்டியைத் தேய்த்ததுதான். இரவு முழுவதும் ஊறப் போட்டும் அடியில் கறுத்துப் பிடித்தது விடவில்லை. தேங்காய்த் தும்பால் தேய்த்தேன், கரண்டியால் சுரண்டினேன், தேசிக்காய் பிழிந்து பார்த்தேன். கறுப்புப் போய்விட்டது. மணம் போகவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். விரலில் இன்னும் அந்தத் தீய்ந்த பால் மணக்கிறது.

அண்ணியின் முழங்கால் நோவு இப்போது எப்படி? அங்கே குளிர் தொடங்க முன் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மருமகள் ஹம்சிகாவுக்கு இருமல் சுகம். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் தபாலில் அனுப்புகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் இரண்டு வசனம் சொல்ல முதல் ‘சரி சரி, அதை விடு ரூபி’ என்பீர்கள். கடிதத்துக்கு நடுவில் அப்படிச் சொல்ல உங்களால் முடியாது.

நாங்கள் இருக்கும் இந்த வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டப் போகிறார்கள், மாத முடிவில் நாங்கள் வெளிக்கிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு தேடிய கதை தெரியாது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில் நான் ஏறி இறங்காத படி இல்லை. ஓரிடத்தில் விறாந்தையைத் தாண்ட முதலே ‘அவர் எங்கை வேலை?’ என்று கேட்டார்கள். பிரிந்துவிட்டோம் என்றதும் வீட்டுக்காரரின் முகம், சோற்றில் மயிர் கண்டவர் முகம் போல ஆனது. ‘தனியப் பொம்பிளையளுக்குக் குடுக்கிறேல்லைப் பிள்ளை, குறை நினையாதைங்கோ, ஆக்கள் கதைப்பினம்’ என்றார். இன்னோரிடத்தில் ஒரு அம்மா ‘ஊரிலை எவ்விடம்? அதிலை எந்தக் கோயிலடி?’ என்று தோண்டித் தோண்டிக் கேட்டு, என் சாதி கையில் சிக்கிய பிறகுதான் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். நாங்கள் ஊரை விட்டு வந்து எவ்வளவு காலம்! அந்தக் கேள்வி மட்டும் எங்களுக்கு முன்னமே பஸ் ஏறி வந்து இங்கே குந்தியிருக்கிறது. சரியான இடம் என்று கண்டதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பு, வீடு தர மறுத்தவரின் முகத்தைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த வீட்டை நானே வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் உங்கள் சிநேகிதரின் சித்தப்பா சண்முகலிங்கம் அண்ணையின் தொடர்மாடி வீட்டைப் பிடித்துத் தந்தீர்கள். ‘நான் எல்லாம் கதைச்சிட்டன், நீ போய் வீட்டுத் திறப்பை வாங்கு’ என்றீர்கள். போனேன். அவர் மனைவி நேசமலர் அக்கா நல்ல மனுஷி, அதை மறைக்கமாட்டேன். முதல் நாளே பிட்டும் சம்பலும் கட்டித் தந்தார். தந்துவிட்டு, ‘உங்களுக்கு அங்கை போக ஸ்பொன்சர் எப்ப சரிவருமாம்?’ என்று கேட்டார். நான் விழித்தேன். ‘உங்கடை அவர் ஸ்காபரோவிலையெண்டு அண்ணர் ராகுலன் சொன்னவர், பாவம், அந்தக் குளிருக்கை தனியக் கிடந்து உழைக்கிறார்’ என்றார். நீங்கள் என்னை, நான் விவாகரத்துச் செய்த தனஞ்சயனுக்கே இரண்டாம் தரம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. உண்மையான தனஞ்சயன் பக்கத்தில் தெஹிவளையில் இருக்கிறார். நேசமலர் அக்கா மரக்கறி வாங்கும் சந்தைக்கு அவரும் வரக்கூடும்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாத முடிவும், ஹம்சிகாவின் பரீட்சையும், நீங்கள் கட்டிய முற்பணமும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன.

பிறகு பால் காய்ச்சும் அலுவல் வந்தது. ‘குடிபோக முன்னம் சோடியாத்தான் காய்ச்சவேணும், தனியப் பொம்பிளை காய்ச்சினா வீட்டுக்குக் கூடாது, தம்பி வரேலாட்டி வீடியோவிலையெண்டாலும் நிக்கட்டும்’ என்று நேசமலர் அக்கா நாளும் நேரமும் குறித்துவிட்டார். உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். ‘அவ்வளவுதானே, நான் பார்க்கிறன்’ என்றீர்கள். தனஞ்சயன் வேலைக்குப் போய்விட்டார் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பீர்கள் என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை போனை அரிசிப் பையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். திரையில் வந்து நின்றது மெல்ரோய். உங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் அதே மெல்ரோய். போன வருடம் இங்கே வந்தபோது ஹம்சிகாவுக்குச் சொக்லேற் பெட்டி கொண்டுவந்து தந்தவன். நெற்றி நிறைய விபூதி, உங்கள் பட்டுச் சால்வை. ‘தனஞ்சயன் தம்பி, சுகமே?’ என்று நேசமலர் அக்கா இரண்டு தரம் கேட்டும் அவன் பேசாமல் நின்றான். பக்கத்திலிருந்து நீங்கள்தான் இடித்திருக்க வேண்டும். ‘ஓம் ஓம், சுகம் அன்ரி’ என்றான்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாய்ப் பொங்கியதென்று சண்முகலிங்கம் அண்ணைக்குச் சந்தோசம். எல்லோரும் கும்பிட்டோம். மெல்ரோயும் பக்தியாகக் கண்ணை மூடி, நெற்றியில் தொட்டு, நெஞ்சில் தொட்டு, இரண்டு தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டான்.

குசினியில் எல்லோர் கண்ணும் திரையில். அடுப்பை அணைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பால் அடிப்பிடித்தது அப்போதுதான். நேசமலர் அக்கா என் காதருகே வந்து, ‘தம்பி வேதமோ, கிறிஸ்தவரோ?’ என்றார். நான் வாயைத் திறக்க முதல் தீர்ப்பையும் அவரே சொன்னார். ‘அதுக்கென்ன பிள்ளை, வேதமெண்டாலும் புருஷன் எண்டு ஒராள் இருக்கிறார்தானே. இஞ்சை மச்சம் மாமிசம் மட்டும் காய்ச்சாதைங்கோ.’

இது சிரிக்க வேண்டிய கதை. ஒருநாள் நானும் சிரிப்பேன். இப்போது சிரிக்க விடாதது வேறொன்று. நேசமலர் அக்கா ஹம்சிகாவின் தோளைப் பிடித்துப் போனுக்கு முன்னால் விட்டு, ‘அப்பாவோடை கதை பிள்ளை’ என்றார். அவள் தடுமாறுவாள், ‘மெல்ரோய் மாமா’ என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் தடுமாறவில்லை, அண்ணா. தலையைக் கொஞ்சம் சரித்து, செல்லமாக, ‘ஹாய் அப்பா, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை. திரும்பி வரும்போது ஓட்டோவில், ‘அம்மா, இனிக் கிழமைக்குக் கிழமை இப்பிடிக் கதைக்கவேணுமோ? அப்பிடியெண்டா எனக்கு முதலே சொல்லுங்கோ’ என்று, ரியூசன் நேரம் கேட்பவள் போலக் கேட்டாள். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, காலி வீதியோரம் கழிவுநீர்க் கானுக்கு மேல் குனிந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை.

புதுக்கடை நீதிமன்றத்தில் நான் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். சிங்களத்தில் உள்ள வழக்குப் பத்திரங்களைத் தமிழாக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் இது மூலத்துக்குச் சரியானது என்று கையெழுத்து வைக்கிறேன். என் விவாகரத்துத் தீர்ப்பையும் தமிழாக்கி உங்களுக்கு அனுப்பினேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல் கதைக்கவில்லை. வாசிக்க நேரமில்லையாக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தனஞ்சயனும் நானும் பிரிந்ததை அங்கே நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை, அப்படித்தானே?

கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீடு பார்த்தேன் என்று போன மாதம் சொல்லத் தொடங்கினேன். ‘அங்கையெல்லாம் எங்கடை ஆக்கள் இருக்கேலுமே’ என்று வெட்டிவிட்டீர்கள். மிச்சத்தை இப்போது கேளுங்கள். கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், வெள்ளைக்காரன் காலத்து வீடு. புரோக்கர் கூரையைக் காட்டி, ‘அக்கா, இது ஹெரிட்டேஜ், வெளிநாட்டுக்காரங்க இதுக்குத்தான் சல்லியக் கொட்டுறாங்க’ என்று சொல்லி முடிக்க, மேலே இருந்த புறா என் தோளில் எச்சமிட்டது. குளியலறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். யன்னலைத் திறந்தால் கான் நாற்றம். அருவருப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தேய்த்தால் போகிற அருவருப்பு.

வீட்டுக்காரி ஸீனத், ஐம்பது தாண்டிய மனுஷி, கீழே இருக்கிறார். படியில் நின்றபடியே சட்டம் சொன்னார். ‘நாய் வளக்க ஏலா. படியில சாக்கு இழுக்க ஏலா. தண்ணி மோட்டர காலைல ஒருக்காத்தான் போடணும்.’ பிறகு, ‘மாப்புள எங்க?’ என்றார். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, பிரிந்துவிட்டோம், நானும் மகளும்தான் என்றேன். ‘அப்ப சாவி ரெண்டு போதும். மூணாவது வெட்ட நான் கடைக்குப் போகத் தேவல்ல’ என்றார். இறுக்கிய முகத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று அங்கிருந்து வேலைக்கு நடந்தே போனேன். பாண் கடை, மருந்துக்கடை, சந்தை, கோயில் எல்லாம் கால்நடைத் தூரம். மீன் கழுவிய தண்ணீரைத் தாண்டி, துறைமுக லொறிகளுக்கு ஒதுங்கி, பூக்கட்டுகிறவர்களைக் கடந்து புதுக்கடை ஏற்றத்தில் ஏறியபோது வியர்த்து ஊற்றியது. ஆனால் வழியில் ஒருவருக்கும் நான் யாருடைய பெண்சாதி என்று தெரிய வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் கதைப்பார்கள், எனக்குத் தெரியும். ஸீனத்தின் வாயும் சும்மா கிடக்கிற வாயல்ல. நேற்றுப் பின்னேரம் அவருக்குப் போன் எடுத்து, வீடு வாடகைக்குப் போய்விட்டதா என்று மட்டும் கேட்டேன். ‘புறாவுக்குப் பயந்து ஒருத்தரும் வரல்ல’ என்றார்.

அண்ணா, இனிச் சொல்லப் போவதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஹம்சிகாவுக்கும் சொல்லவில்லை, அவள் இன்னும் நித்திரை. அவள் எழும்பியதும் இரண்டு பேரும் நேசமலர் அக்காவிடம் போகிறோம். திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனஞ்சயனும் நானும் பிரிந்துவிட்டோம், வீடியோவில் நின்றது அவரல்ல என்று ஹம்சிகாவுக்கு முன்னால் சொல்லப் போகிறேன். அக்காவுக்காக அல்ல, மகள் கேட்க வேண்டும் என்பதற்காக. முற்பணத்தை உங்களுக்கே அனுப்பிவிடச் சொல்வேன். அங்கிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்கு.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர முன்னமே சண்முகலிங்கம் அண்ணை உங்களுக்குப் போன் எடுத்திருப்பார். உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். அதை எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் எனக்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறீர்கள், இதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

குளியலறைச் சுவரைத் தேய்த்து முடித்ததும் அந்த வீட்டில் பால் காய்ச்சுவோம். இதே சட்டியில்தான். ஹம்சிகா அடுப்பைப் பற்ற வைப்பாள். அப்போது வீடியோவில் எடுப்பேன். மெல்ரோயும் வரட்டும், விபூதி வேண்டாம், சிலுவை போட விரும்பினால் போடட்டும். அந்த ஒழுங்கையில் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். எனக்குப் புருஷனென்று ஒருவரையும் கூட்டி வர வேண்டாம். என் அண்ணாவாக வந்து நின்றால் போதும்.

உங்கள் தங்கை
ரூபிகா