ஏழு நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஆறு முறை ஃபோன் செய்தும் நீ எடுக்கவில்லை. ஃபோனையே எடுக்காதவன் லெட்டரைப் பிரிக்கவா போறான் என்கிறாள் உன் அண்ணி. பிரிப்பாய் என்று நான் சொல்லியிருக்கிறேன். என் பேச்சைப் பொய்யாக்காதே.

விபத்து நடந்தது உனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் நம் நெட்டையரின் வலது கை அட்டை அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. இயந்திரத்தை ஓடவிட்டவன் நான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அடைப்பை எடுக்க உள்ளே போனவர் 10:18க்கு வெளியே வந்து 'ஆள் வெளியே' பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். 10:20க்கு ஓடவிட்டேன். அதற்குள் அவர், மறந்து வைத்த ஸ்பேனருக்காகப் பின்பக்கம் போய்க் கையை விட்டது எனக்குத் தெரியாது. அலறல் கேட்டு 10:21க்கு நிறுத்தினேன்.

பழைய கன்ட்ரோலர் மட்டும் இருந்த காலத்தில் எல்லாம் ஒரே பெட்டியில் பதிவாகும். நீ வந்து அதன் தலைமேல் கம்ப்யூட்டரை உட்காரவைத்தாய். பொத்தானைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாய், ஓட்டுகிற வேலை கன்ட்ரோலரிடமே இருந்தது. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். கம்ப்யூட்டர் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று அன்றைக்கே காட்டினேன். ஏழு நிமிஷம்தானேண்ணா, இங்க யாரு ரயிலப் பிடிக்கப் போறாங்க, அடுத்த தடவை வரும்போது சரி பண்ணிடறேன் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். என் தம்பி செய்த வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தானே நான்.

இப்போது இரண்டு பதிவையும் ஒரே தாளில் ஒட்டி விசாரணை மேஜையில் வைத்திருக்கிறார்கள். இயந்திரம் ஓடியது 10:20, ஆள் வெளியே வந்தது 10:25. கை நசுங்குன மனுஷன் நாலு நிமிஷம் கழிச்சு நிதானமா பொத்தானை அழுத்திட்டா வந்தாரு என்று பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டேன். தூக்கிவந்தவங்க யாராவது அழுத்தியிருப்பாங்க, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டையர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பக் கை விட்டதாகச் சொன்னால் தப்பு அவர் தலையில் விழும். விரல் போனவரிடம் நான் எதைக் கேட்பது? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உன்மேல்தான்.

விபத்துக்கு மறுநாள் காலை அதிகாரியைக் கூட்டிக்கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினேன், அந்த ஏழு நிமிடத்தைக் காட்டலாம் என்று. இரண்டு கடிகாரமும் ஒரு நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கூசிப்போனேன். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையக் கடவுச்சொல் உன் ஒருவனிடம்தான் இருக்கிறது. மூன்று வருடம் செய்யாத வேலையை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய் தம்பி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு நடுவிலா வரவேண்டும்?

வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய், அது புரிகிறது. என் வேலை போனாலும் போகட்டும். நேற்று மருந்துக்கடையில் நெட்டையரின் மகள் என்னைப் பார்த்ததும் மருந்தை வாங்காமலே இறங்கிப் போய்விட்டாள். மாமா மாமா என்று கூப்பிடுகிற பெண். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரும் வியாழன் கடைசி விசாரணை. கடிகாரம் முந்தி ஓடியது, திருத்தியது நான்தான் என்று இரண்டு வரி எழுதி அதிகாரிக்கு அனுப்பு. வேறெதுவும் கேட்கவில்லை.

உன் மகளுக்கு அண்ணி பின்னிய ஸ்வெட்டரை இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னேன். குழந்தைக்குக் குளிராதா என்று திட்டினாள்.

நீ நன்றாக இரு. உன் நேரம் எப்போதும் நல்ல நேரமாகவே இருக்கட்டும். அதில் ஏழு நிமிடம் மட்டும் எனக்குத் திருப்பிக் கொடு.

உன் அண்ணன்