மகள் பேசிய விலை

அன்பின் பிரியாந்தினி,

நீரும் மாமியும் சுகம்தானே? எனக்குக் கண்டியில் ஒரு குறையுமில்லை. லீவுக்கு என்னிடம் வந்துபோன லக்சிகா இதற்குள் சொல்லியிருப்பாள்: சந்தையில் கடைக்காரர் என்னை "சேர்" என்றதும் உச்சி குளிர்ந்து, கேட்ட விலைக்கே குடை வாங்கிவிட்டேன். காசின் அருமையைப் பிள்ளைக்குக் காட்டத்தான் கூட்டிப்போனேன். மானத்தைக் காப்பாற்ற, அடுத்த கடையில் அவளையே தொப்பிக்கு விலை பேச விட்டேன்.

"விலை கூட எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி நட. கூப்பிடுவினம்."

நடந்தாள். கூப்பிட்டார்கள். பாதி விலைக்குத் தொப்பி கிடைத்தது.

நேற்று உமது அண்ணாவோடு பஸ் ஏறப்போகையில் கேட்டாள்.

"எப்ப அப்பா வீட்டை வருவீங்கள்?"

"தீபாவளிக்கு."

"அது கூடிப்போச்சு. குறைச்சுச் சொல்லுங்கோ."

"கடையிலை லீவு தரமாட்டினம் பிள்ளை. அதுதான் கடைசி விலை."

"அப்ப வேண்டாம்" என்று திரும்பி, பஸ்ஸை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக நடந்தாள். அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

யாரும் இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். நான் வைக்கும் குழம்பைச் சாப்பிட என்னைத் தவிர ஆளில்லை. கடை திறக்கும் நேரமாகிவிட்டது.

அவள் நடந்தபோது, "வா பிள்ளை, நீ சொல்லுற நாளுக்கே வாறன்" என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

உமது
றமணன்