குண்டுவும் கத்திரிப் பாத்தியும்

மார்ச் 4
எங்கள் நாய் குண்டு மறுபடியும் பாத்தியைத் தோண்டிவிட்டது. கீழ் வீட்டு அக்காவின் கத்திரி நாற்றுகள் வேரோடு வெளியே கிடந்தன. வீடும் தோட்டமும் அவருடையவை. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். "இன்னொரு தடவை தோண்டுச்சுன்னா, நாயா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க தம்பி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. இந்தக் கழுதையோ மூக்கெல்லாம் மண்ணோடு வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 5
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனசு பாத்தியிலேயே இருந்தது.

மிளகாய்த் தூள் தூவலாம் என்கிறார் அக்கா. நாய் டாக்டருக்குப் போன் போட்டேன். "வேண்டவே வேண்டாம், கண்ணு மூக்கெல்லாம் எரிஞ்சு துடிச்சுப் போயிடும். காபித் தூளும் போடாதீங்க, தின்னா ஆபத்து. ஆரஞ்சுத் தோல் போட்டுப் பாருங்க" என்றார்.

மார்ச் 8
தோலுக்காகப் பழம் தின்கிற குடும்பம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். "இன்னும் ஒரு சுளை தின்னா, நானே தோட்டத்துப் பக்கம் போக மாட்டேன்" என்கிறாள் மனைவி. பாத்தியைச் சுற்றித் தோலைப் போட்டோம். குண்டு முகர்ந்தது, தும்மியது, திரும்பிவிட்டது. அப்பாடா.

மார்ச் 11
என்ன அப்பாடா... தோலைத் தாண்டிக் குதித்துத் தோண்டிக்கொண்டிருந்தது. அக்கா பார்ப்பதற்குள் ஓடிப்போய் மண்ணைத் தள்ளி மூடினேன். குண்டுவை யாரிடம் கொடுப்பது? கொடுத்துவிட்டு எப்படி இருப்பது? மனைவி சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று — ரோஜாப் பக்கம் அது போவதே இல்லை. கத்திரிப் பாத்தி மட்டும் ஏன்?

மார்ச் 12
அக்காவிடமே போய் நின்றேன். நேற்று நடந்ததையும் மறைக்கவில்லை. "கத்திரிக்கு மட்டும் என்னக்கா உரம் போடுறீங்க?"

"எலும்புத் தூள். கூடவே மீன் கழுவின தண்ணி. முந்தாநாள்கூட ஊத்தினேனே" என்றார் பெருமையாக. சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "அட, நானேதான் அதுக்கு விருந்து வச்சுக் கூப்பிட்டிருக்கேனா?"

சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

மார்ச் 15
மேல் மண்ணை மாற்றினோம். இனி மக்கிய இலைதான் உரம். நாற்றுகளுக்கு நடுவே குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, ஓரமெல்லாம் கூழாங்கல் போட்டாயிற்று. தோண்டியே தீருவேன் என்கிறவனுக்குச் சுவரோரம் தனியாக ஒரு மணல் குழி. முதுகு விட்டுப்போய்விட்டது.

மார்ச் 20
குண்டு கல் மேல் ஒரு கால் வைத்துப் பார்த்துவிட்டு, மணலுக்கே போய்விட்டது.

மார்ச் 29
இன்று கடையிலிருந்து சீக்கிரமே வந்தேன். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே அக்காவின் குரல் கேட்டது. மணல் குழி ஓரம் குந்தியிருந்தார். பிஸ்கட் ஒன்றை ஆழமாகப் புதைத்துவிட்டு, "எங்க, கண்டுபிடி பார்ப்போம்" என்கிறார். குண்டு தோண்டுகிறது, அவர் புடவையெல்லாம் மணல். "மேல போய் காட்டிக் கொடுத்துடாதடா."

எனக்கு உள்ளே போக மனசு வரவில்லை. சத்தம் போடாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.