ஆளுக்கொரு கட்டில்

ஞாயிறு, இரவு.

பனியன் கம்பெனி விடுதியில் எங்களைப் புது அறைக்கு மாற்றி ஒரு வாரம் ஆகிறது. பழைய அறை நூல் மூட்டை அடுக்கிய இடம், ஜன்னலே கிடையாது. அங்கே எட்டுப் பேரும் தரையில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருத்திக்குத் தோள் வலித்தால் "திரும்புங்கடி" என்பாள். எல்லோரும் சேர்ந்து திரும்புவோம். இங்கே ஆளுக்கொரு கட்டில்.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மற்ற ஏழு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வார்டன் அம்மா எட்டிப் பார்த்தார். அந்த நேரம் ஏழு பேரும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பினார்கள்.

"ஏங்கண்ணு, யாராச்சும் திரும்பச் சொன்னாங்களா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"இல்லம்மா."

"அப்பறம் ஏன் அல்லாரும் ஓரத்துலயே ஒண்டிட்டுப் படுத்திருக்கறாங்க? பாதிக் கட்டிலு சும்மாதான கெடக்குது?"

அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாலையில் பக்கத்துக் கட்டில் ஜெபாவிடம் சொன்னேன். "ஏட்டி, ஒனக்கு வேற சோலி இல்லையா? நான் மல்லாக்கல்லா படுத்துக் கெடந்தேன்" என்று சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் பார்த்தேனே!

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். செல்போன் வெளிச்சத்தில், படுத்தபடியே எழுதுகிறேன். தோள் மரத்துப்போனதால் சற்றுமுன் மெல்லத் திரும்பினேன்.

ஏழு கட்டில்களும் கிரீச்சிட்டன.

தாகமாக இருக்கிறது. எழுந்திருக்கத்தான் பயமாக இருக்கிறது.