பாட்டைக்கு எழுந்த கை

அண்ணா,

அன்று எனக்குக் காய்ச்சல் என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். காய்ச்சல் இல்லை. கொம்யூன் சபைக் கூட்டத்துக்கு நான் வராததற்குக் காரணம் ஒரு நாற்காலி. காய்ச்சல் என்று சொன்னவர் நீங்கள். என் மானத்தைக் காக்கச் சொன்னீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகாவது அதை நான் திருத்த வேண்டும்.

இன்று கொம்யூன் கட்டடத்தில் தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாளில் ஈர வாடை. பிரெஞ்சுக் கையெழுத்துகளுக்கு நடுவே தமிழில் உங்கள் பெயர், மை ஊறும்படி அழுத்தி எழுதியிருந்தது. அதற்குமேல் படிக்க முடியாமல் மூடிவிட்டு, மறுபடி திறந்தேன்.

நீங்கள் சபை அங்கத்தினர், பிரெஞ்சு தெரியாது. நான் கன்னியர் மடத்தில் படித்தவள். சபையில் எனக்கு இடமில்லை. பொதுஜனம் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. என் கணவர் அங்கே உத்தியோகம் பார்த்தவர் என்பதற்காக முன்வரிசை ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். சபைத் தலைவரான மேர் தமிழில் ஒன்று சொல்வார். காரியதரிசி தீர்மானத்தைப் பிரெஞ்சில் மடமடவென்று படிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் விசிறியை மடியில் வைப்பேன். இல்லாவிட்டால் விசிறிக்கொண்டே இருப்பேன். நீங்கள் எழுந்து, "ஐயா, கடைசியா படிச்சத தமிழ்ல ஒருக்கா சொல்லிடுங்க" என்பீர்கள்.

"மதாம் விசிறி நின்னாத்தான் இவரு கை எழும்பும்பா" என்று பின்னாலிருந்து சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். மேர் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நாற்காலி இல்லை. பொதுஜனத்துக்குப் பின்சுவர் பெஞ்சு என்றார்கள். எல்லோரோடும் இடித்துக்கொண்டு உட்கார மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த கூட்டத்தன்று காலையில் நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள்.

"வா தங்கச்சி. பெஞ்சுன்னா இன்னா, முள்ளா குத்துது?"

"நாற்காலி போடட்டும், வரேன்."

"இன்னிக்கி குளத்துக்குப் போற பாட்ட விஷயம் வருது. எனக்கு மனசு சரியில்ல."

நான் உள்ளே போய்விட்டேன். நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டையை ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று மேர் தமிழில் சொன்னாராம். நீங்கள் கை தூக்கினீர்கள். பிரெஞ்சில் இருந்தது வேறு: பயன்படாத பாதை கைவிடப்படுகிறது, பக்கத்துக் கரும்புத் தோட்டத்தோடு சேர்க்கப்படுகிறது. சில நாளில் மூங்கில் வேலி வந்தது. உங்கள் தெருப் பெண்கள் குடிதண்ணீருக்கு வரப்பு வரப்பாகச் சுற்றிப் போனார்கள். உங்கள் வீட்டெதிரில் குடத்தை இறக்கி வைத்து, "கை தூக்கனாரே, அவரே வந்து எங்க கொடத்தயும் தூக்கட்டும்" என்று ஒருத்தி கத்தினாளாம். நீங்கள் வெளியே வந்து, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் வீடுவரை நடந்தீர்களாம். அதன்பிறகு சபைக்கும் போகவில்லை, என் வாசலுக்கும் வரவில்லை. "தங்கச்சி காய்ச்சல்ல கெடந்துது, அத்தக் குத்தஞ் சொல்லாதீங்க" என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது ஒரு கூட்டம் விடாமல் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். முள் ஒன்றும் இல்லை. மேர் சொல்கிறார், காரியதரிசி படிக்கிறார், கைகள் எழுகின்றன. என் பக்கம் திரும்ப அங்கே யாரும் இல்லை.

பதிவேட்டில் உங்கள் பெயருக்கு மேலே இருக்கும் வரி இது: "தமிழில் முழுமையாக விளக்கப்பட்டு, ஏகமனதாக ஏற்கப்பட்டது." வேலியில் இப்போது கொடி படர்ந்துவிட்டது. பாட்டை திரும்பாது, எனக்குத் தெரியும். உங்கள் பேரைச் சொல்லித் திட்டும் பிள்ளைகள் பாட்டையைப் பார்த்ததுகூட இல்லை. அந்தக் காலைப்பொழுதை நான்தான் சுமக்கிறேன். இறக்கி வைக்க எனக்கு இடமில்லை. மேருக்கு இன்று எழுதியதை அப்படியே உங்களுக்கும் எழுதி வைக்கிறேன்:

"குளத்துப் பாட்டை கைவிடப்படுகிறது என்று அன்று கூட்டத்தில் தமிழில் சொல்லப்பட்டதா, இல்லையா? எழுத்து மூலம் பதில் தரவும்."