விளக்கு எரியும் வயலில் செவ்வந்தி மொட்டு வைக்காதது பற்றி

அனுப்புநர்:
த. குழல்வாய்மொழி,
பதினோராம் வகுப்பு மாணவி,
கீழப்பாவூர்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
வேளாண்மை உதவி இயக்குநர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: தெருவிளக்கால் செவ்வந்தி பூக்காததும், அப்பழி என் மதினி மேல் விழுவதும் – வெள்ளிக்கிழமைக்குள் வயலைப் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீட்டை ஒட்டிய எங்கள் வயலில் ஆடியில் செவ்வந்தி நட்டோம். ஊரில் மற்றவர்கள் பூப் பறிக்கிறார்கள். எங்கள் செடிகள் இலையாகவே நிற்கின்றன. சாரல் பிந்தியதால் என்று முதலில் சொன்னார்கள். அதே சாரல்தான் எல்லா வயலிலும் பெய்தது.

2. ஆவணியில் என் அண்ணனை மணந்து மதினி முத்துவடிவு வந்தார். அதே வாரம் எங்கள் வரப்போரம் மெர்க்குரி விளக்கும் வந்தது. விடியும்வரை எரிகிறது. வீட்டில் எல்லோரும் மதினியை மட்டும் பார்க்கிறார்கள்.

3. இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும் என்று தாவரவியலில் படித்தேன். எங்கள் வயலுக்கு இரவே வருவதில்லை. மோட்டார் அறையின் நிழல் விழும் மூலையில் மட்டும் மொட்டு இருக்கிறது. அதைக் காட்டியபோது சித்தப்பா, "ஏட்டி, அங்கன அவ காலு படல. அதான் வச்சிருக்கு" என்றார்.

4. ஆகவே வெளிச்சம் படும் இடத்தில் இரண்டு செடிகளை அந்திதோறும் பனையோலைக் கடவப்பெட்டியால் மூடி, காலையில் திறந்தேன். மதினியையே தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இரண்டும் மொட்டு வைத்தன. நேற்றுச் சித்தப்பா பெட்டியைக் கண்டுவிட்டார். மதினி செய்வினை வைத்ததாகச் சொல்லி, செடிகளைப் பிடுங்கி எரித்தார். மூடியது நான் என்றேன். என்னையும் மதினி மயக்கிவிட்டதாக அம்மா அழுகிறார். வருகிற வெள்ளிக்கிழமை மதினியை வீரகேரளம்புதூரில் அவர் பெற்றோரிடம் விட்டுவிடப் போகிறார்கள்.

5. பாதை மறுபக்கம் இருக்க, கம்பத்தை இங்கே நடச் சொன்னவர் அடுத்த வயல் வல்லிநாயகம். அவர் போட்டிருப்பது வாழை; அதற்கு இரவு வெளிச்சத்தால் கெடுதல் இல்லை. எங்கள் வயலை விலைக்குக் கேட்பவரும் அவரே. "மருமவ காலடி வச்ச நேரம், அண்ணாச்சி" என்று அப்பாவிடம் ஓயாமல் சொல்பவரும் அவரே. தெரிந்து செய்தாரா என்பதை நான் அறியேன். உள்ளூர்த் தபால்காரர் அவருடைய உறவினர். அதனால் இதைத் தோழி மூலம் நேரில் சேர்க்கிறேன். வீட்டுக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஆகவே ஐயா, தற்செயலாக வந்ததுபோல் வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து, காரணம் விளக்குதான் என்று அப்பாவிடம் சொல்லவும், தை வரை அதை அணைத்துவைக்க ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன். இதை எழுதுவதும் ஜன்னல் வழியே விழும் அந்த வெளிச்சத்தில்தான். அணைந்தால் எனக்குப் படிக்கச் சிரமம். இருந்தாலும் அணைக்க வேண்டும்.

தாங்கள் வரும்போது மூலையிலும் மொட்டு இல்லையென்றால், யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று கொள்ளவும். அதற்காகவே ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை நம்பியிருக்கும்,
த. குழல்வாய்மொழி

இடம்: கீழப்பாவூர்
நாள்: 15-11-1983, இரவு

இணைப்பு: மதினி தண்ணீர் ஊற்றிய செடியில், எரிப்பதற்கு முன் ஒடித்த கிளை ஒன்று, மொட்டுடன்.